இருட்டியதும் கிளம்பும் வக்கா

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் பால்கோவாக் கடைகள் அடைத்து, ஆள் நடமாட்டம் குறைந்த பிறகு, தலைக்கு மேலே எங்கோ ஒரு குரல் கேட்கும். 'குவாக்!' கரகரத்த, அடித்தொண்டையிலிருந்து வரும் ஒற்றைச் சத்தம். அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சற்றுப் பொறுத்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடியும் ஒரு 'குவாக்'. பிறகு அமைதி. மொட்டை மாடியில் படுத்திருப்பவர்கள் புரண்டு படுத்துக்கொண்டு, "நேரங்கெட்ட நேரத்தில் காக்கை கத்துகிறதே" என்று முணுமுணுப்பதும் உண்டு.

காக்கை இரவில் ஊரின் குறுக்கே பறந்து இரை தேடப் போவதில்லை. கத்திக்கொண்டு போனது ஒரு கொக்கு. தமிழில் அதற்கு வக்கா என்று பெயர். இராக்கொக்கு என்றும் சொல்வார்கள்.

காக்கை என்று நினைத்தவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. உலகம் முழுவதும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். இந்தப் பறவையின் அறிவியல் பெயர் 'நிக்டிகொராக்ஸ் நிக்டிகொராக்ஸ்'. கிரேக்க மொழியில் அதற்கு 'இரவுக் காக்கை' என்று பொருள். ஒரு தடவை சொன்னது போதாதென்று, பேரினப் பெயராகவும் சிற்றினப் பெயராகவும் இரண்டு தடவை அதையே வைத்துவிட்டார்கள். மற்ற மொழிக்காரர்கள் காதில் விழுந்ததையே பெயராக்கினார்கள். டச்சுக்காரர்களுக்கு இது 'குவாக்', தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாக்லாந்து தீவுக்காரர்களுக்கு 'குவார்க்', இந்தி பேசுபவர்களுக்கு 'வாக்'. நம்முடைய 'வக்கா'விலும் அந்தக் குரல் கேட்கிறது. ஆஸ்திரேலியாவையும் அண்டார்டிகாவையும் தவிர எல்லாக் கண்டங்களிலும் வாழும் இந்தப் பறவை, போன இடமெல்லாம் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு திரிகிறது.

இவ்வளவு பரவலாக இருந்தும், ராஜபாளையம் பக்கம் கண்மாய்க்கரையில் நின்று பத்துப் பேரிடம் வக்காவைக் காட்டுங்கள் என்றால் ஒருவரோ இருவரோதான் காட்டுவார்கள். வெள்ளைக்கொக்கு எல்லாருக்கும் தெரியும். மாட்டின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கு தெரியும். வயல் வரப்பில் அசையாமல் நிற்கும் மடையானும் தெரியும். நாம் வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில் வேலைக்குக் கிளம்புகிற வக்கா மட்டும் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

பார்த்தவர்கள் மறக்க முடியாத உருவம் அது. நாட்டுக்கோழி அளவு உடம்பு. அலகு நுனியிலிருந்து வால் வரை சுமார் 60 சென்டிமீட்டர். கொக்கு என்றால் நமக்கு நீண்ட கழுத்தும் நெடுங்காலும் நினைவுக்கு வரும். வக்காவிடம் அந்த இரண்டுமே இல்லாதது போலத் தோன்றும். கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, குளிரில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருக்கும் பெரியவர் மாதிரி இருக்கும். உச்சந்தலையும் முதுகும் கருப்பு, அதில் லேசான பச்சை மினுக்கம். இறக்கையும் வாலும் சாம்பல் நிறம். அடிப்பகுதி முழுவதும் வெள்ளை. பிடரியிலிருந்து நாடா போல நீண்ட வெள்ளை இறகுகள் இரண்டு மூன்று பின்னால் தொங்கும். கண்தான் இதன் தனி அடையாளம்: நல்ல இரத்தச் சிவப்பு. அந்தி வெளிச்சத்தில் தொலைநோக்கி வழியாக ஒரு தடவை அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டால் வேறெந்தக் கொக்கோடும் இதைக் குழப்பிக்கொள்ள முடியாது.

குழப்பம் எல்லாம் குஞ்சுப் பருவத்தில்தான். வளர்ந்த வக்காவுக்கும் இளம் வக்காவுக்கும் நிறத்தில் எந்தச் சம்பந்தமும் இருக்காது. இளசு முழுக்கப் பழுப்பு நிறம். முதுகிலும் இறக்கையிலும் சுண்ணாம்பைத் தெளித்தது போல வெளிர் புள்ளிகள். நெஞ்சில் கோடு கோடாக இழுத்திருக்கும். கண் சிவப்பாக இராமல் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். முதல் ஆண்டு இந்த உடுப்பு. இரண்டாம் ஆண்டில் பழுப்பு மங்கிச் சாம்பல் ஏறும். மூன்றாம் ஆண்டில்தான் கருப்பு முதுகும் வெள்ளை நாடாவும் முழுமையாக வரும். ஒரே கிளையில் தாயும் பிள்ளையும் உட்கார்ந்திருந்தாலும், பார்ப்பவர்கள் இரண்டு வேறு பறவைகள் என்றே சத்தியம் செய்வார்கள்.

இந்த இளசை மடையான் என்று எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிவிடுவது பறவை பார்க்கத் தொடங்கும் எல்லாரும் செய்யும் தவறு. இரண்டும் பழுப்பு, இரண்டுக்கும் நெஞ்சில் கோடுகள். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பறவை எழும்பும் வரை காத்திருக்க வேண்டும். மடையான் எழும்பினால், உட்கார்ந்திருந்தபோது கண்ணுக்கே தெரியாத வெள்ளை இறக்கைகள் பளிச்சென்று விரியும். திடீரென்று அது ஒரு வெள்ளைப் பறவையாகிவிடும். இளம் வக்கா பறந்தாலும் பழுப்பாகவேதான் இருக்கும். முதுகைக் கவனிப்பது இன்னொரு வழி. மடையானின் முதுகு ஒரே சீரான பழுப்பு. இளம் வக்காவின் முதுகில் புள்ளிகள். அளவிலும் வக்கா தடித்தது, அலகு கனமானது.

சின்னப் பச்சைக்கொக்கோடும் சிலர் குழப்புவார்கள். அதுவும் கழுத்தைச் சுருக்கி உட்காரும். தலை கருமையாக இருக்கும். அந்தியிலும் இரை தேடும். அது வக்காவைவிட நன்றாகச் சிறியது, உடம்பு பச்சை கலந்த கருஞ்சாம்பல், தனியாகவே வாழும். கோரைக்குள் ஒளிந்து திரியும் குருகுகள் இன்னும் மெலிந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் மலாய் இராக்கொக்கு என்று ஓர் உறவுக்காரர் உண்டு. செம்பழுப்பு நிறம், ஓடையோரக் காட்டுத் தரையில் சருகுக்கு நடுவே நடந்து புழு பூச்சி பொறுக்கும் கூச்சக்காரப் பறவை. அதைக் கண்மாயில் தேட வேண்டியதில்லை.

பகலில் வக்கா எங்கே இருக்கிறது? பெரும்பாலும் நமக்கு மிக அருகில். தண்ணீர்க்கரையில் அடர்ந்த மரம் எதுவானாலும் அதற்குப் போதும். ஆலமரம், புளியமரம், மூங்கில் புதர், கண்மாய்க்குள் நிற்கும் கருவேலம். இலை மறைவில் பத்து, இருபது என்று கூட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கும். கீழே தரையிலும் இலைகளிலும் வெள்ளையடித்தது போல எச்சம் படிந்திருந்தால் மேலே அண்ணாந்து பார்க்கலாம். சாம்பல் நிற மூட்டைகள் கிளைகளில் வரிசையாகத் தெரியும். கை தட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி வானத்தில் வட்டமடித்துக் கூச்சல் போடும். அப்படிச் செய்யாமல் இருப்பது நல்லது. பகலில் கலைந்தால் காக்கைகள் துரத்தித் துரத்திக் கொத்தும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலை. அதனால் இங்கே சூரியன் அடிவானத்தைத் தொடுவதற்கு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். செண்பகத்தோப்புப் பக்கத்திலிருந்து நிழல் மெல்ல இறங்கி, தென்னந்தோப்புகளைக் கடந்து, கண்மாய்த் தண்ணீரின் மேல் படரும். வெள்ளைக்கொக்குகள் கூட்டம் கூட்டமாக அடைய வந்துகொண்டிருக்கும். அவை வந்து அமரும் நேரத்தில் எதிர்த்திசையில் ஒன்றிரண்டாக வக்காக்கள் புறப்படும். கொக்குகளின் ஷிப்ட் மாறும் நேரம் அது. மில் சங்குக்குப் பழகிய ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாயோ, ராஜபாளையத்துக் கொண்டனேரிக் கண்மாயோ, தண்ணீர் இருக்கும் மாதங்களில் ஏதாவது ஒரு கரையில் அந்த அரைமணி நேரம் நின்றால், இரவில் ஊர்மேல் கேட்கும் குரல்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பதன் தொடக்கம் புரியும். வக்கா பறக்கும்போது கழுத்து உள்ளே மடிந்திருக்கும், இறக்கை அகலமாகவும் நுனி மழுங்கியும் இருக்கும், கால் வாலுக்கு வெளியே கொஞ்சம்தான் நீட்டும். தூரத்தில் பெரிய வௌவால் போலவும் தோன்றும்.

இரவு ஏன்? மீன் எப்போதும்தானே தண்ணீரில் இருக்கிறது என்று கேட்கலாம். பகலில் அதே ஆழமற்ற தண்ணீரில் சாம்பல் நாரையும் வெள்ளைக்கொக்கும் நிற்கின்றன. அவை உயரமானவை, குட்டைக்காலனைத் துரத்திவிடும். எல்லாரும் போன பிறகு வந்தால் இடம் காலி. தவளை, நண்டு, சில வகை மீன்கள் இருட்டில்தான் கரையோரம் ஒதுங்குகின்றன என்பது கூடுதல் வசதி. குஞ்சுகள் பசியோடு காத்திருக்கும் நாட்களில் மட்டும் வக்கா பகலிலும் இரை தேடும். இரண்டு ஷிப்ட் பார்த்தால்தான் குடும்பத்துக்குக் கட்டும்.

இருட்டில் பார்க்க அந்தச் சிவந்த பெரிய கண் உதவுகிறது. மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் இதன் விழித்திரையில் நிறைய. வேட்டை முறை மிக எளிது: நிற்பது. மடை அருகிலோ, கலுங்கு வழிகிற இடத்திலோ, தண்ணீருக்கு மேல் சாய்ந்த கிளையிலோ உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டு நிமிடக்கணக்கில் அசையாது. தண்ணீர் லேசாகச் சுழித்தால் போதும், இல்லாத கழுத்து திடீரென்று நீண்டு அலகு பாயும். கொக்கு இனத்தின் கழுத்தெலும்புகளில் ஆறாவது எலும்பு தனி அமைப்புடையது. கழுத்து 'எஸ்' வடிவில் மடிவதும், வில் விட்டது போல விரிவதும் அதனால்தான். மீன், தவளை, தண்ணீர்ப்பூச்சி, நண்டு, எலி என்று எது கிடைத்தாலும் முழுதாக விழுங்கிவிடும். மீன் முள்ளையும் கரைக்கிற அமிலம் வயிற்றில் இருக்கிறது. சில இடங்களில் வக்கா ரொட்டித் துண்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு, மொய்க்க வரும் மீனைப் பிடித்ததாகப் பறவை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தூண்டில்காரனுக்கு உள்ள பொறுமையும் தந்திரமும் இதற்கும் உண்டு.

மறைக்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்துக் கூட்டில் பெற்றோர் இல்லாத நேரம் பார்த்து மற்றக் கொக்குகளின் குஞ்சுகளையும் வக்கா தின்னும். அதனால் அதே மரத்தில் வசிக்கும் மற்றப் பறவைகள் இதைக் கண்டால் எச்சரிக்கையாகத்தான் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை கொட்டி, கண்மாய்கள் நிரம்பியதும் தென்மாவட்டங்களில் கூடு கட்டும் காலம் தொடங்குகிறது. வெளிர் மஞ்சளாக இருந்த கால்கள் அப்போது இளஞ்சிவப்பாக மாறும். ஆண் இடம் பிடித்து, குச்சி ஒடித்துக்கொண்டு வந்து கொடுக்கும்; பெண் அதை வாங்கிச் செருகும். கூடு என்பது ஏதோ பேருக்குத்தான். அடியிலிருந்து பார்த்தால் முட்டை தெரிகிற அளவுக்குச் சல்லடை மாதிரி இருக்கும். வெளிர் நீலப்பச்சை நிறத்தில் மூன்று முதல் ஐந்து முட்டைகள். இருவரும் மாறி மாறி மூன்று வாரத்துக்கு மேல் அடைகாப்பார்கள். முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிந்து, மூத்தது பெரிதாகவும் கடைக்குட்டி சோனியாகவும் இருக்கும். பறக்கும் முன்பே, மூன்று நான்கு வார வயதில், கூட்டை விட்டு இறங்கிக் கால்களாலும் அலகாலும் கிளையைப் பற்றி மரம் முழுக்க ஏறி இறங்கும். ஆறு வாரத்தில் பறக்கும். யாராவது மரமேறி அருகில் போனால் வயிற்றில் இருக்கும் அரைகுறை மீனை அப்படியே அவர்கள் தலையில் கக்கிவிடும். விரட்டுவதற்கு நல்ல ஆயுதம். ஆய்வாளர்களுக்கோ அது வக்கா என்ன தின்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு.

குஞ்சுகள் பறந்து தாமாக இரை தேடத் தொடங்கும் மாதங்களில் கண்மாய்த் தண்ணீர் வற்றி, மீன்கள் ஆங்காங்கே பள்ளங்களில் சேர்ந்துவிடும். பழக்கமில்லாத அலகுக்கும் அங்கே இரை கிடைக்கும். கண்மாயின் கணக்கோடு வக்காவின் கணக்கு பொருந்தியிருக்கிறது. அந்தக் கணக்கு கெடும் இடங்கள் இரண்டு: தண்ணீர், மரம். வரத்துக்கால்வாய் தூர்ந்து கண்மாய் நிரம்பாத ஆண்டில் பறவை வேறு ஊர் பார்த்துப் போய்விடும். அடுத்த மழையில் திரும்பி வரும். மரம் போனால் அப்படித் திரும்புவது கடினம்.

தமிழ்நாட்டுக் கண்மாய்களுக்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்கள் பலவும் தானாக முளைத்தவை என்று நாம் நினைக்கிறோம். 1981இல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில், விறகுக்காகவும் ஊராட்சி வருமானத்துக்காகவும் கண்மாய் நீர்ப்பிடிப்பில் கருவேலங்கன்றுகள் ஏராளமாக நடப்பட்டன. அரசு விறகுக்காக நட்டதில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் வக்காவும் குடியேறின. சுற்றிலும் தண்ணீர் நிற்பதால் பூனையும் நாயும் வர முடியாத மரம் பறவைக்குக் கோட்டை மாதிரி. மரம் முற்றியதும் ஏலம் வரும். ஏலம் எடுத்தவருக்கு வெட்டும் தேதிதான் முக்கியம். மேலே முட்டை இருக்கிறதா, குஞ்சு இருக்கிறதா என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படுவதில்லை.

எழுதப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் பார்த்தது. 2022 செப்டம்பரில் மலப்புறம் மாவட்டம் திரூரங்காடிப் பக்கம், தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்காகக் கூடுகள் நிறைந்த ஒரு சாலையோர மரத்தைச் சாய்த்தார்கள். நீர்ப்பறவைக் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகத் தார்ச்சாலையில் விழுந்து செத்தன. பெரிய பறவைகள் மேலே சுற்றிச் சுற்றிக் கத்திய காட்சி நாடு முழுவதும் பரவியது; வனத்துறை வழக்குப் பதிவு செய்தது. சில வாரங்கள் பொறுத்திருந்தால் குஞ்சுகள் பறந்து போயிருக்கும். மரத்தையும் வெட்டியிருக்கலாம்.

அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 2014இல் ஒரு தபால் நிலைய வளாகத்து மரங்களைக் கழித்தபோது வக்காக் குஞ்சுகள் ஐந்து கீழே விழுந்து அடிபட்டன. ஊர் கொதித்தது. மரம் கழித்தவர் வருந்தி, குஞ்சுகளின் சிகிச்சைச் செலவுக்குப் பணம் தர முன்வந்தார். குஞ்சுகள் தேறிப் பறந்தன. ஐந்து ஆண்டு கழித்து, மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் விடாமல் கேட்டு, 2019இல் வக்காவை அந்த நகரத்தின் அதிகாரபூர்வப் பறவையாக அறிவிக்க வைத்தார்கள். ஜப்பானில் இதற்குக் கிடைத்த மரியாதை இன்னும் பழையது. பேரரசர் தைகோ, குளக்கரையில் நின்ற வக்காவைப் பிடித்து வரச் சொன்னார். 'அரசாணை' என்றதும் அது ஓடாமல் பணிந்து நின்றது. மகிழ்ந்த பேரரசர் அரசவையின் ஐந்தாம் படிநிலையை அதற்கு வழங்கினார் என்று கதை. அதனால்தான் ஜப்பானியர்கள் இன்றும் அதை 'ஐந்தாம் படிக் கொக்கு' என்ற பொருளில் 'கோயி-சாகி' என்று அழைக்கிறார்கள்.

ஆனாலும் நம் ஊர்க்காரர்கள் செய்திருப்பதற்கு முன்னால் ஜப்பானியப் பேரரசரின் பட்டம் சிறிதுதான். வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைச் சுடக் கூடாது என்று கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தில் உரிமை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் கொக்கும் நாரையும் வக்காவும் கூடு கட்டும் காலத்தில் தீபாவளி வரும். அந்த ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. குழந்தைகளும் சேர்ந்துதான் இந்த முடிவைக் காக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி கூப்பிடு தூரம் என்பதை நினைத்தால், அந்தக் கட்டுப்பாட்டின் அருமை விருதுநகர் மாவட்டக்காரர்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகப் புரியும்.

நரை அணிலைக் காக்க 1988இல் சரணாலயம் பெற்றது இந்த வட்டாரம். 2021இல் அந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆனது. மலைக்குக் காவல் கிடைத்துவிட்டது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் வந்து தங்கும் கண்மாய்களுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. கொக்கை வலை வைத்துப் பிடிப்பதும் சுடுவதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வக்காவுக்கும் அது பொருந்தும். மரத்துக்கும் தண்ணீருக்கும் சட்டம் அவ்வளவு தெளிவாகத் துணைநிற்பதில்லை. ஊர்தான் நிற்க வேண்டும்.

அதற்கு முதலில் எந்த மரத்தில் என்ன பறவை இருக்கிறது என்று தெரிய வேண்டும். 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். யாரும் சேரலாம், வீட்டு வாசலில் கால் மணி நேரம் எண்ணினாலும் கணக்கில் வரும். தை மாதம் கண்மாயில் தண்ணீர் இருக்கும், மரத்தில் குஞ்சுகள் இருக்கும். அந்த நாட்களில் ஒரு மாலை, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பக்கத்துக் கண்மாய்க்கரைக்குப் போய் நில்லுங்கள். வெள்ளைக்கொக்குகள் அடைந்த பிறகும் அரைமணி நேரம் பொறுத்திருங்கள். எந்த மரத்திலிருந்து வக்கா கிளம்புகிறது, எத்தனை கிளம்புகின்றன என்று எழுதி வையுங்கள். அந்த மரத்துக்கு ஏலம் வரும் நாளில், கூடு கலையும் வரை பொறுக்கச் சொல்லி ஊராட்சியிலும் வனத்துறையிலும் காட்ட உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும்.